பாடியவர் பெயரும் பேரேடும்



எங்கள் வயதுக்காரர்களுக்கு ரேடியோ என்றால் பாட்டு மட்டுமல்ல, பாட்டுக்கு முன்னால் வரும் அறிவிப்பும்தான். படத்தின் பெயர், இசையமைத்தவர், எழுதியவர், கடைசியாகப் பாடியவர். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லும் அழகைக் கேட்பதற்காகவே டீக்கடை வாசலில் நின்றிருக்கிறோம். சிறுவனாக இருந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை. இப்படி ஊரறியப் பெயர் சொல்கிறார்களே, அப்படியானால் ஒவ்வொரு முறை ஒலிபரப்பும்போதும் அந்தப் பாடகருக்கு நாலணாவாவது மணியார்டரில் போய்ச் சேரும் என்று நினைத்திருந்தேன். அது தவறு என்று தெரிந்தபோது எனக்கு எழுபது வயது. நம் நாட்டுச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, பாடுகிறவருக்கு என்று ஓர் உரிமை எழுதப்படவே இல்லை. பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது ஒரு போன் காலால்.

2021ஆம் ஆண்டின் தொடக்கம். கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த நாட்கள். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டான். அவனுக்கே ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் "அவன்"தான். பகலில் ஒரு கம்பெனியில் வேலை. மாலையில், வீட்டில் ஓர் அறையை ஸ்டூடியோவாக்கி வைத்துக்கொண்டு, அங்கே வந்துபோகும் நம்மூர்க் கலைஞர்களைப் பதிவு செய்து வெளியிடுவான். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ ஆல்பம். பெரிய இசைக் கம்பெனி எதையும் சாராமல் இப்படி நடத்துபவர்களைச் சுயேச்சை லேபிள் என்கிறார்களாம்.

"மாமா, உங்க சிநேகிதர் வயலின்காரர் வீட்டில் இப்போ யார் இருக்காங்க?"

என் நண்பர் 2016இல் காலமாகிவிட்டார். முத்தியால்பேட்டையில் மகள் மட்டும் இருக்கிறாள். ஏன் கேட்கிறாய் என்றேன்.

2008இல் ஒரு பொங்கல் விழாவில் வாசிக்க நண்பர் பாரிஸ் போயிருந்தார். அப்போது இவன் வீட்டு அறையில் உட்கார்ந்து எட்டு உருப்படிகள் வாசித்துக் கொடுத்தார். அந்தப் பதிவு அமெரிக்காவில் ஏதோ ஓர் இன்டர்நெட் ரேடியோவில், யோகா செய்கிறவர்கள் கேட்கும் சேனலில், சில வருடங்களாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "லேபிளுக்கு உண்டான பாதி எனக்கு வந்துட்டுது மாமா. அவர் பங்கு அங்கேயே நிக்குது. அதை என்கிட்ட தரமாட்டாங்களாம்."

"வெளியிட்டவன் நீதானே? உன்னிடம் கொடுத்தால் நீ கொடுத்துவிட மாட்டாயா?"

"சட்டம் அப்படி மாமா."

அந்த "சட்டம் அப்படி" என்ற வார்த்தை என்னை விடவில்லை. முப்பத்துநாலு வருடம் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன். சட்டம் அப்படி என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்காமல் தூக்கம் வராது. இரண்டு மாதம் படித்தேன். படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன்.

சர்க்கரைத் தண்ணீர் வழக்கு

நண்பர் வாசித்த எட்டில் ஆறு, தியாகராஜ கீர்த்தனைகள். தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் சித்தியடைந்தது 1847 ஜனவரியில். அதே 1847இல் பாரிசில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

ஷான்ஸ் எலிஸே சாலையில் அம்பாசதேர் என்று ஒரு பாட்டுக் காப்பிக்கடை. அங்கே ஏர்னெஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியர், இசையமைக்கும் நண்பர்களோடு போய் உட்கார்ந்தார். அவர் குடித்தது சர்க்கரைத் தண்ணீர். அன்று அது கொஞ்சம் பவிசான பானம். மேடையில் அவர்களுடைய பாட்டையே பாடிக்கொண்டிருந்தார்கள். பில் வந்தபோது பூர்ழே காசு கொடுக்க மறுத்துவிட்டார். என் பாட்டுக்கு நீங்கள் எனக்குக் காசு தருவதில்லை, உங்கள் சர்க்கரைத் தண்ணீருக்கு நான் ஏன் தர வேண்டும் என்பது அவர் கட்சி. விஷயம் நீதிமன்றம் போனது. 1848இல் வணிக நீதிமன்றமும் 1849இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பூர்ழே பக்கம் தீர்ப்பளித்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எழுதியவனைக் கேட்காமல் அவன் படைப்பை மேடையேற்றக் கூடாது என்ற சட்டம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1791லேயே வந்துவிட்டது. நாடக ஆசிரியர்கள் அதற்கு முன்பே சங்கம் சேர்ந்து வசூலிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் சின்னச் சின்னப் பாட்டு எழுதுகிறவனால் ஒவ்வொரு காப்பிக்கடையாகப் போய்க் கேட்க முடியுமா? சட்டம் அறுபது வருடம் புத்தகத்தில் இருந்தது, அவன் கைக்குக் காசு வரவில்லை. வழக்கில் வென்ற பிறகு 1851இல் சாசெம் என்ற சங்கத்தை ஏற்படுத்தினார்கள். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பதிப்பாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வசூல், ஒரே பேரேடு, பிறகு பங்கீடு. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

பள்ளியில் எங்களுக்கு 1789ஐயும் பஸ்தி கோட்டையையும் பிரெஞ்சிலேயே தலைகீழாகச் சொல்லும்படி உருப்போட வைத்தார்கள். இந்தச் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சட்டம் என்பது என்ன, அது எப்படிக் காசாகிறது என்று அன்றே புரிந்திருக்கும்.

பாடியவர் வெளியே நின்றார்

சாசெம் பாட்டை ஆக்கியவர்களுக்கு. பாடியவர், வாசித்தவர் அதில் இல்லை. அன்று அது பெரிய குறையில்லை. பாடகர் நேரில் வந்தால்தான் பாட்டு, வந்தால் அன்றைய கூலி. கிராமபோன் வந்ததும் நிலைமை மாறியது. ஒரு முறை பாடினால் போதும், குரல் தானே ஊர் ஊராகப் போகும். பிறகு ரேடியோ வந்தது.

அமெரிக்காவில் பால் ஒயிட்மன் என்ற பிரபல வாத்தியக்குழுத் தலைவர் இருந்தார். அவருடைய இசைத்தட்டுகளின் மேல் ரேடியோவில் ஒலிபரப்ப உரிமையில்லை என்றே அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும் ரேடியோக்காரர்கள் போட்டார்கள். 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தட்டை விற்ற பிறகு வாங்கியவன் அதை ரேடியோவில் போடுவதைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அன்று முதல் இன்றுவரை அமெரிக்காவின் சாதாரண ரேடியோ, அதாவது ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள், பாட்டு எழுதியவருக்குப் பணம் கட்டுகின்றன, பாடியவருக்குக் கட்டுவதில்லை. "ரெஸ்பெக்ட்" என்ற பாட்டை உலகப் புகழாக்கியவர் அரீத்தா ஃபிராங்க்ளின். எழுதியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அந்த நாட்டு ரேடியோவில் அரீத்தாவின் குரல் ஒலிக்கும்போதெல்லாம் உரிமைத்தொகை ரெட்டிங் தரப்புக்குப் போனது. நாங்கள் போடுவதால்தானே உங்கள் தட்டு விற்கிறது, அதுவே விளம்பரம் என்பது ரேடியோக்காரர்களின் பதில்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1961இல் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை. இசைக் கலைஞர், ஒலிப்பதிவு தயாரித்தவர், ஒலிபரப்பு நிலையம் என்ற மூவருக்கும் உரிமைகளை அது வகுத்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. பிரான்சில் 1985 ஜூலை 3 சட்டம் இதைக் கொண்டுவந்தது. பிரெஞ்சில் இதற்குப் பெயர் "அண்டை உரிமை". எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. படைத்தவனுடைய உரிமை ஒரு வீடு, வாசித்தவனுடைய உரிமை பக்கத்து வீடு. சுவர் ஒன்றுதான், பட்டா வேறு. ரேடியோ கட்டும் தொகையில் கலைஞர்களுக்குப் பாதி, தயாரிப்பாளர்களுக்குப் பாதி. சுயேச்சை லேபிள்களுக்கென்றே 1986இல் அங்கே தனி வசூல் சங்கமும் ஏற்பட்டது.

இப்போது தியாகராஜ கீர்த்தனைக்கு வருவோம். அதை இயற்றியவருடைய உரிமைக்காலம் என்றோ முடிந்துவிட்டது. முதல் வீடு பொதுச்சொத்து. ஆனால் 2008இல் வயலினில் வாசித்தாரே என் நண்பர், அந்தப் பக்கத்து வீடு அவருடையது.

அமெரிக்கா திறந்த பக்கவாட்டுக் கதவு

அமெரிக்காவில் முன்வாசல் மூடியே இருந்தது. ஆனால் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வழியாகப் பாட்டு போகத் தொடங்கியதும் இசைக் கம்பெனிகளுக்குப் பயம் வந்தது. தேய்மானம் இல்லாத ஒலி வீடு தேடி வந்தால் தட்டு யார் வாங்குவார்கள்? 1995இல் ஒரு சட்டம் வந்தது. ஒலிப்பதிவுகளுக்கு ஒலிபரப்பு உரிமை உண்டு, ஆனால் டிஜிட்டல் வழியில் மட்டும் என்றது. 1998இல் இன்னொரு சட்டம் இன்டர்நெட் ரேடியோவை அதற்குள் தெளிவாகக் கொண்டுவந்தது.

அதன் ஏற்பாடு ஓர் அரசு ஊழியனுக்கு உடனே புரியும். இன்டர்நெட் ரேடியோ நடத்துகிறவர் ஒவ்வொரு லேபிளையும் தேடிப்போய் அனுமதி கேட்க வேண்டாம். காப்புரிமை அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும், நிர்ணயித்த கட்டணத்தைக் கட்ட வேண்டும், எந்தப் பாட்டு எத்தனை பேருக்குப் போனது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை வாஷிங்டனில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஒரு வாரியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தப் பாட்டு அடுத்து வரும் என்பதைக் கேட்பவர் தேர்ந்தெடுக்க முடியாத, ரேடியோ போன்ற சேவைகளுக்குத்தான் இது. நாம் வேண்டிய பாட்டைத் தட்டிக் கேட்கும் சேவைகள் லேபிள்களோடு தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன.

வசூல் செய்யும் அமைப்பின் பெயர் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். பெரிய இசைக் கம்பெனிகளின் சங்கம் 2000இல் தன்னுடைய ஒரு பிரிவாக இதைத் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் பெட்டியில் விழும் பணம் கலைஞனுக்கும் சின்ன லேபிளுக்கும் ஒழுங்காக வருமா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 2003இல் அது தனி அமைப்பாக, லாப நோக்கமற்றதாகப் பிரிந்தது. நிர்வாகக் குழுவில் கலைஞர் தரப்பும் லேபிள் தரப்பும் சம எண்ணிக்கை.

பங்கீடு சட்டத்திலேயே இருக்கிறது. பதிவின் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பக்கவாத்தியக்காரர்களுக்கும் பின்னணி பாடியவர்களுக்கும் 5. அந்த 5 சதவீதம் தொழிற்சங்கங்கள் நடத்தும் ஒரு நிதிக்குப் போய் அங்கிருந்து பிரிக்கப்படுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2021இல் சந்தா இல்லாத சேவைக்கு நிர்ணயித்த கட்டணம், ஒரு பாட்டை ஒருவர் ஒருமுறை கேட்டால் 0.0021 டாலர். ஆயிரம் பேர் கேட்டால் 2 டாலர் 10 சென்ட். அதில் லேபிளுக்கு 1 டாலர் 5 சென்ட், கலைஞருக்குத் தொண்ணூற்றுநான்கரை சென்ட், பக்கவாத்தியத்துக்குப் பத்தரை சென்ட். நிர்வாகச் செலவு தனியே கழியும். தன் பதிவைத் தானே வைத்திருக்கும் சுயேச்சைக் கலைஞர் என்றால் முதல் இரண்டும் அவருக்கே.

கலைஞர் பங்கை லேபிளிடம் ஏன் தருவதில்லை என்பதற்கு இங்கேதான் பதில். பழைய வழக்கத்தில் எல்லாப் பணமும் கம்பெனிக்குப் போகும். கம்பெனி கலைஞனுக்குக் கொடுத்த முன்பணம், ஸ்டூடியோ வாடகை, விளம்பரச் செலவு என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் நீதான் எங்களுக்குப் பாக்கி என்று சொல்லிவிடும். இந்த 45 சதவீதம் அந்தப் பேரேட்டுக்குள் நுழைவதே இல்லை. நேராகக் கலைஞர் கைக்கு. என் அக்கா மகன் நல்லவன்தான். ஆனால் சட்டம் ஒருவர் நல்லவரா என்று பார்த்து எழுதப்படுவதில்லையே.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002இல் முதல் கட்டணம் வந்தபோதே, வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ரேடியோ நடத்தியவர்கள் எங்களால் கட்ட முடியாது என்று அலறினார்கள். அவர்களுக்காக அதே ஆண்டு தனிச் சட்டம் ஒன்று வந்தது. 2007இல் கட்டணம் மீண்டும் ஏறியபோது ஜூன் 26ஆம் தேதி பல இன்டர்நெட் ரேடியோக்கள் ஒருநாள் மௌனம் காத்தன. சுயேச்சைக் கலைஞனின் பாட்டைப் பெரும்பாலும் போடுவதே இப்படிப்பட்ட சின்ன ரேடியோதான். அதன் கழுத்தை நெரித்தால் இவன் பாட்டும் நின்றுபோகும். இரண்டு ஏழைகளுக்கு நடுவே கட்டணம் நிர்ணயிப்பது லேசான காரியமல்ல.

பணம் உண்டு, ஆள் இல்லை

வசூல் ஓரளவு சரியானது. பங்கீட்டில்தான் பெரிய சிக்கல். பெரிய கம்பெனியில் இதற்கென்று ஓர் இலாகாவே இருக்கும். சுயேச்சைக் கலைஞனுக்கு யார் இருக்கிறார்கள்? தனக்குப் பணம் வர வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியாது. 1996 பிப்ரவரி முதல் 2000 மார்ச் வரை சேர்ந்த தொகைக்கு 2006 டிசம்பர் 15 கெடு என்று அறிவித்து, ஆள் கிடைக்காத ஆயிரக்கணக்கான கலைஞர்களின் பெயர்ப் பட்டியலை அந்த அமைப்பு வெளியிட்டது. மூன்று ஆண்டுகளாகியும் உரியவர் கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை நிர்வாகச் செலவில் ஈடுகட்டிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது.

பெயர் குழப்பத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு சர்வதேச எண், ஐ.எஸ்.ஆர்.சி. என்று பெயர். நாட்டுக்கு இரண்டு எழுத்து, பதிவு செய்தவருக்கு மூன்று, ஆண்டுக்கு இரண்டு இலக்கம், வரிசை எண்ணுக்கு ஐந்து. ஆக மொத்தம் 12. நம் ஆதாருக்கும் 12தான். ஆனால் ரேடியோக்காரர் கணக்குக் கொடுக்கும்போது அந்த எண்ணுக்குப் பதிலாக ஆல்பத்தின் பெயரையும் லேபிளின் பெயரையும் கொடுத்தாலும் போதும் என்று விதியில் இடமிருக்கிறது. அப்போது மறுபடியும் பெயர்தான், மறுபடியும் ஸ்பெல்லிங்தான்.

சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் ஒலிப்பதிவுகளைக் காக்கத் தொடங்கியது 1972 பிப்ரவரி 15 முதல். அதற்கு முன்பு பதிவானவற்றுக்கு இந்த டிஜிட்டல் தொகை உண்டா இல்லையா என்று பல வழக்குகள். 2018 அக்டோபர் 11இல் கையெழுத்தான சட்டம், பழைய பதிவுகளுக்கும் உண்டு என்றது. 1967இல் "ரெஸ்பெக்ட்" பாடிய அரீத்தா அம்மையார் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார்.

நம் நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1977இல் உச்சநீதிமன்றத்தில் வந்த இசை உரிமை வழக்கு ஒன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், சட்டம் காப்பது காகிதத்தில் எழுதிய இசையைத்தான், பாடுகிறவரின் குரலை அல்ல என்று சுட்டிக்காட்டி வருத்தப்பட்டிருக்கிறார். 1994இல் கலைஞருக்கு உரிமை வந்தது. சினிமாவில் பாடியவருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு உண்டு என்று 2012 திருத்தம் சொன்னது. பாடகர்களுக்கான வசூல் சங்கம் பதிவானது 2013இல். 1791க்கும் 1851க்கும் நடுவே பிரான்சில் இருந்த அதே இடைவெளி. அளவுதான் கொஞ்சம் சிறியது.

ஓர் எழுத்து

இனி முத்தியால்பேட்டைக்கு வருகிறேன்.

என் நண்பரின் பிறப்புப் பதிவு பிரெஞ்சு ஆட்சியில் எழுதியது. நம் ஊரில் பலருக்கு இந்தக் கதை தெரியும். முருகன் என்ற பெயரில் வரும் உகரத்தை பிரெஞ்சில் "ஓ", "யூ" என்று இரண்டு எழுத்துப் போட்டு எழுதுவார்கள், முடிவில் "இ" ஒன்று வேறு வால் போல ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஒற்றை "யூ" போதும். நண்பருக்குப் பிறப்புப் பதிவில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று, இசைத்தட்டு அட்டையில் என் அக்கா மகன் தன் காதுக்குத் தோன்றியபடி எழுதிய மூன்றாவது. அமெரிக்கப் பேரேட்டில் இருந்தது அந்த மூன்றாவது. அந்தப் பெயரில் உலகத்தில் யாருமே இல்லை.

இதைப் பார்த்ததும் எனக்கு 1983இல் என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது. கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம் கேட்டு எழுதியிருந்தார். கணவரின் பணிப்பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்து, மனுவில் ஆங்கில எழுத்து. "பெயரில் வேறுபாடு உள்ளது, தெளிவுபடுத்தவும்" என்று குறிப்பு எழுதித் திருப்பினேன். அந்த அம்மா ஏதோ ஒரு காகிதத்தோடு மறுபடி வந்தார். அது போதாது என்று திருப்பினேன். மூன்றாவது முறையும் அப்படியே. நான்காவது முறை யாரும் வரவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் அவர் காலமாகிவிட்டார் என்று தெரிந்தது. விதிப்படி நான் செய்ததில் ஒரு தவறும் கிடையாது. எந்தத் தணிக்கையிலும் என் பேரில் ஆட்சேபணை வந்திருக்காது. ஆனால் எந்தக் காகிதம் கொண்டுவந்தால் போதும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு எழுத்தும் ஒரே ஆள்தான் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஆகவே இந்த முறை நானே கிளம்பினேன். நண்பர் மகள் முதலில் என்னை நம்பவில்லை. "அப்பா வாசிச்சதுக்கு அமெரிக்காவிலிருந்து பணமா? சித்தப்பா, ஓ.டி.பி. கேப்பாங்களா?" என்றாள். அவள் சந்தேகம் நியாயமானது. நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் போனில் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறோம்! அந்த அமைப்பில் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது, முன்பணம் கேட்பவன் எவனும் திருடன் என்று விளக்கிச் சொன்னேன். பிறகு வேலை தொடங்கியது. இறப்புச் சான்று, தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், பிறப்புப் பதிவின் நகல், மூன்று ஸ்பெல்லிங்கும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்பு உறுதிமொழி, வரிப் படிவம், வங்கி விவரம். காகிதம் சேர்ப்பது எனக்குப் புதிதல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சேர்ப்பதுதான் புதிது.

ஒன்பது மாதமாயிற்று. பதினெட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒருவர் ஒருமுறை கேட்டால் அவர் பங்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பாகம்கூட வராது. அப்படிப் பார்த்தால் அவர் வாசிப்பைக் கேட்டது இரண்டரை லட்சம் தடவைக்குக் குறையாது. கோவில் மண்டபத்தில் நாற்பது பேருக்கு முன்னால், அதிலும் பாதிப் பேர் பிரசாதத்துக்குக் காத்திருக்க, வாசித்த மனிதர் அவர். அதைச் சொன்னபோது மகள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கணக்குத் தாளில் ஒரு பிரதி கேட்டாள். அதில் அப்பா பெயர் சரியாக இருந்தது, பிரெஞ்சு ஸ்பெல்லிங்கில்.

ஒரு பாக்கி இருக்கிறது. அந்த 5 சதவீதம். எட்டு உருப்படியிலும் மிருதங்கம் கேட்கிறது, நல்ல கை. அட்டையில் பெயர் இல்லை. அக்கா மகனைக் கேட்டேன். "யாரோ ஒரு தம்பி மாமா, விழாவுக்கு வந்திருந்தாரு, கடைசி நிமிஷத்தில் உட்கார்ந்தாரு" என்கிறான். பதிமூன்று வருடத்துக்கு முந்தைய தம்பிக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும்.

நம் வாசகர்கள் பலருக்குப் பாரிசில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. 2008 பொங்கல் விழாவில், பாரிசில், புதுச்சேரி வயலின்காரர் ஒருவருக்கு மிருதங்கம் வாசித்த தம்பியைத் தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பெயரை எப்படி எழுதுவார் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.